"ஸ்போர்ட்டி வண்டின்னா டயர் அப்படித்தான் சார் தேயும்!" - அடப் போங்கய்யா

"ஆல் வீல் டிரைவ் சார். அதுவும் ஸ்போர்ட்டி மாடல். டயர் அப்படித்தான் தேயும்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. ஷோரூம்ல சேல்ஸ்மேன் சொல்றார். சர்வீஸ் அட்வைசர் சொல்றார். டயர் கடைக்காரர் சொல்றார். கடைசியில காசு கொடுத்து வண்டி வாங்கினவரே, "நம்ம வண்டிக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டாதுப்பா"ன்னு ஏதோ பரம்பரைப் பெருமை மாதிரி சொல்றார். புலி வளர்க்கிறவன் கறிச்செலவைச் சொல்லிக்கிற தோரணை!

இந்தப் பதிவுல நான் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான். டயர் சீக்கிரம் தேயறது வேற, கோணலாத் தேயறது வேற. முதல்ல சொன்னதுல பாதி அந்த வண்டியோட குணம், ஒத்துக்கறேன். ரெண்டாவது எந்த வண்டியோட குணமும் இல்ல. அது ஒரு கோளாறு. கோளாறைக் குணம்னு சொல்லி விக்கிறதுக்குப் பேரு வியாபார சாமர்த்தியம் இல்ல, ஏமாத்து. பொட்டி தட்டுற நம்ம பொழப்புல இதுக்கு ஒரு பேரே இருக்கே: "அது பக் இல்ல சார், ஃபீச்சர்!"

ஒத்துக்க வேண்டியதை முதல்ல ஒத்துக்கறேன்

எதிர்த்தரப்புக்கு நியாயம் செஞ்சுட்டுத் தாக்கறதுதான் முறை. அதனால முதல்ல அவங்க பக்கம்.

ஸ்போர்ட்டி வண்டிக்குப் போடற டயர்ல ரப்பர் மெதுவானது. ரோட்டை நல்லாப் புடிக்கணும்னா ரப்பர் மெதுவா இருந்தாகணும், மெதுவா இருந்தா சீக்கிரம் கரையும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா அது நடக்காத காரியம். அடுத்தது எடை. ஆல் வீல் டிரைவ்னா கூடுதலா ஒரு ஷாஃப்ட், ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், இன்னொரு டிஃபரென்ஷியல். எலெக்ட்ரிக்ல ரெண்டு மோட்டார் வச்ச மாடல்கள் எல்லாம் பேட்டரியோட சேர்த்து சர்வசாதாரணமா ரெண்டு டன் தாண்டுது. சிக்னல்ல பச்சை விழுந்த நொடியில மொத்த டார்க்கும் டயர் மேல இறங்குது. தேயாம என்ன செய்யும்?

சஸ்பென்ஷன் செட்டிங்கும் அப்படித்தான். வளைவுல நல்லா நிக்கணும்னு சக்கரத்தோட மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ள சாய்ச்சு வச்சிருப்பாங்க. இதுக்கு நெகட்டிவ் கேம்பர்னு பேரு. இதனால டயரோட உள்பக்கம் வெளிப்பக்கத்தை விடக் கொஞ்சம் கூடவே தேயும். கவனிங்க, கொஞ்சம். வெளிப்பக்கம் 5 மில்லிமீட்டர் பட்டன் பாக்கி இருக்கிறப்போ உள்பக்கம் கம்பி தெரியறதுக்குப் பேரு "கொஞ்சம்" இல்ல.

கம்பி தெரிஞ்ச கதை

என் டீம்ல ஒருத்தர். மேடவாக்கத்துல வீடு, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெர்மன் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கினார். வாங்கும்போதே நாலு டயரும் புதுசு. 22,000 கிலோமீட்டர்ல பின் சக்கரத்துலேர்ந்து ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சத்தம். "ரோடு சத்தம் சார், இந்த மாடல்ல இருக்கும்"னு சர்வீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க. வெளியில நின்னு பார்த்தா டயர் ஜம்முனு இருக்கு. குனிஞ்சு, செல்போன் டார்ச் அடிச்சு உள்பக்கம் பார்த்தா, ரெண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. ஒரு இடத்துல கம்பி எட்டிப் பார்க்குது.

அலைன்மென்ட் பண்ணலையான்னு கேட்டேன். "மூணு தடவை பண்ணியாச்சே"ன்னு பிரிண்ட் அவுட்டை எடுத்து நீட்டினார். மூணு தாள்லயும் ஒரே கதை. முன் சக்கரங்களுக்கு எல்லாக் கட்டமும் பச்சை. பின் சக்கரங்களுக்கு, வேலைக்கு முன்னாடியும் சிவப்பு, வேலைக்குப் பின்னாடியும் அதே சிவப்பு. கீழ பெரிசா "அலைன்மென்ட் ஓகே"ன்னு சீல் வேற! மிஷின் கரெக்டாத்தான் சொல்லியிருக்கு. படிக்கத்தான் ஆள் இல்ல. வாங்கினவரும் படிக்கல, கொடுத்தவரும் படிக்கல.

அந்தக் கடையைத் திட்டறது என் நோக்கம் இல்ல. அந்தக் கடை தனிக்கடை இல்லைங்கறதுதான் விஷயமே.

மாருதி 800 காலத்துப் பழக்கம்

நம்ம ஊர் டயர் கடைப் பழக்கம் எல்லாம் எந்த வண்டியில வளர்ந்தது? மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட். முன் சக்கரம் மட்டும் இழுக்கிற சின்ன கார். அதுல பெரும்பாலான வண்டிக்குப் பின்பக்கம் வெறும் ஒரு பீம். அலைன்மென்ட் பண்றதுக்கு அங்க ஒரு நட்டு கூட இருக்காது. அதனால "அலைன்மென்ட்னா முன்னாடி டோ செட் பண்றது"ன்னு கை பழகிடுச்சு. அந்த வண்டிக்கு அது சரி. அதே மாதிரி, முன்னாடி ரெண்டு டயர் சீக்கிரம் தேயும், ரெண்டை மட்டும் மாத்தினா போதும். அதுவும் சரி. 35 பாயிண்ட் காத்து எல்லாத்துக்கும் ஒரே மாதிரி. அதுவும் ஏதோ ஓடிடும்.

இந்த மூணு பழக்கத்தையும் அப்படியே தூக்கிட்டு வந்து நாலு சக்கரமும் இழுக்கிற, பின்பக்கம் மல்ட்டி லிங்க் சஸ்பென்ஷன் வச்ச, முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ் டயர் போட்ட வண்டியில காட்டினா என்ன ஆகும்? சின்ன வண்டியில காசு மிச்சம் பண்ணின பழக்கம் இங்க காசைக் கொல்லும். பின் சக்கரத்துக்கும் டோ, கேம்பர் ரெண்டையும் பார்க்கணும். முதல்ல பின்னாடி சரி பண்ணிட்டு அப்புறம்தான் முன்னாடி வரணும். அதுக்குக் கூடுதல் நேரமும் தெரிஞ்ச ஆளும் வேணும். "எல்லா வண்டிக்கும் ஒரே ரேட், இருபது நிமிஷம்"னு போர்டு வச்ச இடத்துல அது எப்படி நடக்கும்?

டோங்கறது என்னன்னு ஒரு சின்னக் கணக்கு. சக்கரம் நேரா பார்க்காம 0.2 டிகிரி உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்குதுன்னு வைங்க. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் மூன்றரை மீட்டர் குறுக்கால இழுபடுது. 10,000 கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர். அதாவது தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு தாண்டற தூரத்துக்கு, உருளாம, ரப்பரை ரோட்டுல தேங்காய் துருவற மாதிரி துருவிக்கிட்டே போறீங்க. இதுக்கு "ஸ்போர்ட்டி"ன்னு பேரு வச்சா தகுமா?

ரெண்டு டயர் மட்டும் மாத்தறவங்களுக்கு

அடுத்த பெரிய பாவம் இது. "முன்னாடி ரெண்டு மட்டும் போட்டுக்கலாம் சார், பின்னாடி இன்னும் பத்தாயிரம் ஓடும்." கேக்க எவ்வளவு இனிமையா இருக்கு! உங்க பர்ஸ் மேல அவருக்கு என்ன கரிசனம்!

கணக்கு போடுவோம். டயரோட விட்டம் 700 மில்லிமீட்டர்னு வைங்க. புதுசுல பட்டன் ஆழம் 8 மி.மீ. பழசுல 4 மி.மீ. அப்போ பழைய டயரோட விட்டம் 8 மி.மீ. குறைச்சல், 692. புது டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 455 சுற்று சுத்தும். பழசு 460. கிலோமீட்டருக்கு 5 சுற்று வித்தியாசம். தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு போறதுக்குள்ள, நேர் ரோட்டுல, சுமார் 150 சுற்று.

முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியில இந்த வித்தியாசம் யாரையும் பாதிக்காது. பின் சக்கரம் சும்மா கூட உருண்டு வருது, அவ்வளவுதான். ஆனா முன்னும் பின்னும் ஒரு ஷாஃப்ட்ல கட்டிப் போட்டிருக்கிற வண்டியில, அந்த 150 சுற்றையும் யாராவது ஒருத்தர் வாங்கிக்கணும். நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல், இல்லேன்னா கிளட்ச் பேக் வாங்கிக்குது. வாங்கி வாங்கிச் சூடாகி, ஆயில் கெட்டு, ஒரு நாள் மெதுவாத் திருப்பும்போது வண்டி குலுங்க ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வர்ற பில்லைப் பார்த்தா, மிச்சம் பண்ணின அந்த ரெண்டு டயர் தங்கத்துல செஞ்சிருக்கலாம்னு தோணும்.

"தேவைப்பட்டா மட்டும் பின்னாடி பவர் போற மாடல்ங்க என்னோடது"ன்னு சிலர் தப்பிக்கப் பார்ப்பாங்க. அங்கயும் இதே தொல்லைதான். சக்கரம் வழுக்குதான்னு அந்தக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்குது? நாலு சக்கரத்தோட வேகத்தையும் ஒப்பிட்டுத்தான். ரெண்டு சக்கரம் எப்பவுமே வேகமாச் சுத்தினா, வழுக்காத இடத்துல வழுக்குதுன்னு நினைச்சு அது வேலை செய்யக் கிளம்பிடும். தவறான இன்புட் கொடுத்துட்டு அவுட்புட் மேல கோபப்படற கதை. தார் மாதிரி, ஓட்டறவரே லீவரைப் போட்டு 4x4 மாத்திக்கிற வண்டிகள்ல, ரெண்டு சக்கர இழுவையில ஓடற வரைக்கும் இந்தப் பிரச்சனை இல்ல. அதையும் சொல்லிடறேன், அந்தக் கோஷ்டி சண்டைக்கு வந்துடும் :-)

எவ்வளவு வித்தியாசம் தாங்கும்? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. ஆல் வீல் டிரைவையே அடையாளமா வச்சிருக்கிற ஜப்பான் சுபாரு, நாலு டயரோட சுற்றளவும் கால் இஞ்சுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. பட்டன் ஆழத்துல பார்த்தா அது வெறும் 1 மி.மீ.! அமெரிக்காவுல ஒத்தை டயர் வெடிச்சா, புது டயரை மிஷின்ல சீவி, மத்த மூணோட உயரத்துக்குக் கொண்டு வந்து விக்கிற கடைகளே இருக்கு. புது டயரைக் காசு கொடுத்துத் தேய்க்கிறாங்க! அவங்களுக்கு என்ன பைத்தியமா? கிளட்ச் பேக் விலை தெரிஞ்சவங்க.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் சேர்ந்துக்குது. 2020ல வந்த விதித் திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும், காத்து அழுத்தம் காட்டற சென்சாரும், பஞ்சர் கிட்டும் இருந்தா கார்ல ஸ்டெப்னி இல்லாமலே விக்கலாம். பல சொகுசு வண்டிகள் அதுக்கு முன்னாடியே ரன் ஃப்ளாட் டயரைக் காட்டி ஸ்டெப்னியைத் தூக்கிடுச்சு. அதே 2020 ஜூன் மாசம் வெளிநாட்டு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்து, லைசென்ஸ் வேணும்னு ஆக்கினாங்க. ஆக, வினோதமான சைஸ்ல ஒரு டயர் கிழிஞ்சா, ஸ்டெப்னியும் இல்ல, அதே மாடல் கடையிலயும் இல்ல. "இருக்கிறதைப் போடுங்கண்ணே"ன்னு வேற கம்பெனி டயரை மாட்டிட்டு வர்றோம். நாலு சக்கரத்துல மூணு பிராண்ட். கதம்ப சாதம்.

அப்புறம் நம்ம ரோடு

தென் சென்னைப் புறநகர்ல வண்டி ஓட்டறவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணுமா? முடிச்சூர் ரோடு, வேளச்சேரி ரோடு, மேடவாக்கம், உள்ள இருக்கிற நகர்கள். ஒரு பக்கம் தோண்டறாங்க, மூடறாங்க, மறுபடி தோண்டறாங்க. மூடின இடம் ஒண்ணு பள்ளமா இருக்கும், இல்ல மேடா இருக்கும். ரோடா மட்டும் இருக்காது.

ஸ்பீடு பிரேக்கருக்கு இந்திய ரோடு காங்கிரஸ் போட்ட வழிகாட்டு அளவு ஒண்ணு இருக்கு. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவா ஏறி மெதுவா இறங்கற மேடு. நம்ம தெருவுல இருக்கிறது என்ன? ஒரு முழ அகலத்துல ஒரு சுவர். பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது. ராத்திரியில இடிச்சப்புறம்தான் தெரியும்.

35, 40 சீரிஸ் டயர்ல பக்கவாட்டு ரப்பர் உள்ளங்கை அகலம் கூட இல்ல. பள்ளத்துல விழுந்தா அடி நேரா அலாய் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகுது. ஒரே ஒரு பலமான அடி போதும், டோ விலகிடும். அன்னிலேர்ந்து துருவல் ஆரம்பம். அதனால "போன மாசம்தான் அலைன்மென்ட் பண்ணினேன்"ங்கறது இந்த ஏரியாவுல பதிலே இல்ல. போன மாசத்துக்கு அப்புறம் எத்தனை பள்ளம்?

ஆனா ரோட்டைத் திட்டறதோட நிறுத்திக்கிறவங்க கிட்ட ஒரு கேள்வி. இந்த ரோடுன்னு தெரிஞ்சேதானே கம்பெனி கொடுத்த 17 இஞ்ச் வீலைக் கழட்டிட்டு 19 இஞ்ச் மாட்டினீங்க? தெரிஞ்சேதானே ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கினீங்க? வண்டியை இறக்கினா கேம்பர் இன்னும் உள்ள சாயும். அதுக்கப்புறம் உள்பக்கம் தேயுதுன்னு டயர் கம்பெனியைத் திட்டறது எந்த ஊர் நியாயம்?

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தத் தொழில் எல்லாம் நம்ம வீட்டு வாசல்லயேதான் இருக்கு. ஜிஎஸ்டி ரோட்டுல தெற்கே போனா, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில 2007லேர்ந்து பிஎம்டபிள்யூ வண்டி அசெம்பிள் ஆகுது, அதுல எக்ஸ்டிரைவ் மாடல்களும் உண்டு. தாம்பரத்துக்கு மேற்கே ஒரகடத்துல அப்போலோ டயர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர், சியட். எம்ஆர்எஃப்போ 1946ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி. கார் செய்யறதும் இங்க, டயர் செய்யறதும் இங்க. ஆனா தேஞ்ச டயரைப் படிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடித்தான் ஊர் ஊரா அலையணும்!

டயர் ஒரு லாக் ஃபைல்

உண்மையிலேயே படிக்கலாம் மக்களே. நாம லாக் ஃபைல் பார்த்து என்ன தப்புன்னு சொல்ற மாதிரி:

1. ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல பட்டன் நிக்குதா? காத்து கம்மி.
2. நடுவுல மட்டும் தேஞ்சிருக்கா? காத்து ஜாஸ்தி.
3. ஒரு ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கா? கேம்பர், இல்ல டோ.
4. கையை வச்சுத் தடவினா ஒரு பக்கம் வழுவழுன்னும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் இருக்கா? டோ.
5. அங்கங்க குழி குழியாத் தேஞ்சிருக்கா? ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், பேலன்சிங் இல்லாம இருக்கலாம்.
6. பக்கவாட்டுல புடைப்பு? உள்ள நூல் அறுந்திருக்கு. அது தேய்மானமே இல்ல, ஆபத்து. உடனே மாத்தணும்.

இதுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். குனியற முதுகும், டார்ச்சும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஆழமானியும் போதும். ஒவ்வொரு டயர்லயும் உள், நடு, வெளின்னு மூணு இடத்துல அளந்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. மொத்தம் 12 எண். மாசம் ஒரு தடவை, பத்து நிமிஷம். அப்புறம் எவனாவது "அப்படித்தான் தேயும்"னு சொல்லட்டும், நோட்டைக் காட்டுங்க. வெறும் புலம்பலுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. எண்ணுக்குச் சொல்லியாகணும்.

மழை வந்தாத்தான் தெரியும் சேதி

காசு போனாப் போகுதுன்னு விடற பெரிய மனுஷங்களும் இருக்காங்க. அவங்களுக்குத்தான் இந்தப் பகுதி.

ஆல் வீல் டிரைவ் வண்டியில மொட்டை டயர் ஏன் ரொம்ப மோசம்னா, அது தெரியவே தெரியாது. சாதாரண வண்டியில டயர் தேஞ்சா, ஈர ரோட்டுல கிளப்பும்போது சக்கரம் சும்மா சுத்தும். வண்டியே நம்மளை எச்சரிக்குது. ஆல் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையை விழுங்கிடும். நாலு சக்கரமும் பகிர்ந்துக்கிறதால மழையிலயும் கல்லு மாதிரிக் கிளம்பும். "என்ன கிரிப்பு பாரு!"ன்னு நம்பிக்கை வந்துடும். ஆனா பிரேக் போடும்போது? எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலயும்தான் பிரேக். அங்க ஆல் வீல் டிரைவுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட சலுகை கிடையாது. நிறுத்தறது பட்டன் மட்டும்தான், எம்ப்ளம் இல்ல.

2015 டிசம்பர் 1, 2 தேதியில 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை பதிவாச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். அதுக்கப்புறம், 2023 மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும், "நம்ம ஊருக்குப் பெரிய வண்டிதான்யா லாயக்கு"ங்கற பேச்சு எத்தனை வீட்டுல கேட்டிருக்கும்! உயரமான வண்டி தேங்கின தண்ணியைத் தாண்ட உதவலாம். ஆனா ஈர ரோட்டுல 80ல போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற தண்ணியை வெளியேத்தறது பட்டன்ல இருக்கிற பள்ளம்தான். உள்பக்கம் மொட்டையான டயர்ல பாதி அகலத்துக்குப் பள்ளமே இல்ல. அந்தப் பாதி தண்ணி மேல மிதக்கும்.

சட்டப்படி கார் டயருக்குக் குறைஞ்சபட்ச பட்டன் ஆழம் 1.6 மி.மீ. மத்திய மோட்டார் வாகன விதி 94 சொல்றது. பட்டனுக்கு நடுவுல அங்கங்க சின்னத் திட்டு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தா ஆட்டம் முடிஞ்சுது. ஆனா அது சட்டத்தோட கடைசிக் கோடு, மழைக்கான கோடு இல்ல. 3 மி.மீ.க்குக் கீழ போன டயரோட வடகிழக்குப் பருவமழையில நான் இறங்க மாட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. நீங்க கழட்டிப் போடற அந்தக் கோண டயர் எங்க போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கிறதால செகண்ட் ஹேண்ட் டயரா இன்னொரு வண்டிக்குப் போக வாய்ப்பு இருக்கு. உள்பக்கம் பார்க்கத் தெரியாத, புதுசு வாங்க வசதி இல்லாத ஒருத்தர் குடும்பத்தை ஏத்திக்கிட்டு அதுல போவார். நம்ம "ஸ்போர்ட்டி" பெருமைக்கு அவர் ஏன் பணயம் வைக்கணும்? கம்பி தெரியற டயரைக் கடையிலயே உங்க கண் முன்னாடி வெட்டச் சொல்லுங்க. எக்ஸ்சேஞ்சுல கிடைக்கிற சில நூறு ரூபாய் வேண்டாம்.

யாருக்கு இதுல லாபம்?

"அப்படித்தான் தேயும்"ங்கற வசனம் ஏன் இவ்வளவு நாள் உயிரோட இருக்கு? எல்லாருக்கும் வசதியா இருக்கு, அதான். விக்கிறவருக்கு டயர் செலவைப் பத்திப் பேச வேண்டாம். சர்வீஸ்காரருக்குப் பின் சஸ்பென்ஷன்ல கை வைக்க வேண்டாம். டயர் கடைக்காரருக்கு இன்னொரு டயர் வியாபாரம். வாங்கினவருக்குத் தன் அலட்சியத்தை மறைக்க ஒரு பெருமை. டயர் கம்பெனி வாரண்டியோ தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், கோணத் தேய்மானத்துக்கு இல்ல. ஆக, அத்தனை பேரும் கையை விரிக்க, பில் மட்டும் ஒரே ஆளுக்கு.

"இவ்வளவு பணம் கொடுத்து வண்டி வாங்கறவனுக்கு டயர் ஒரு செலவா?"ன்னு கேக்கறவங்களுக்கு: புது வண்டி ஓட்டறவர் மூணு வருஷத்துல வித்துடுவார். அஞ்சாவது வருஷம் அதை வாங்கறது நம்மள மாதிரி இஎம்ஐ ஆசாமிதான். கதம்ப டயரோட, சூடாகி நொந்த கிளட்ச் பேக்கோட அந்த வண்டி அவன் தலையிலதான் விடியும்.

அதனால என் கோரிக்கைகள், சத்தமா:

கார் கம்பெனிகளே, ஆல் வீல் டிரைவ் வண்டி விக்கும்போது நாலு டயருக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம் தாங்கும்னு ஒரு எண்ணை, மேனுவலோட ஏதோ ஒரு மூலையில புதைக்காம, காத்து அழுத்தம் ஒட்டியிருக்கிற அதே கதவு ஸ்டிக்கர்ல போடுங்க. நாலு டயர் ஒரு செட் என்ன விலைன்னு டெலிவரிக்கு முன்னாடியே சொல்லுங்க. மைலேஜ் சொல்றீங்க இல்ல, இதையும் சொல்லுங்க.

அலைன்மென்ட் கடைக்காரங்களே, பின் சக்கரம் பார்க்க முடியலைன்னா "முடியாது"ன்னு சொல்லுங்க, அதுல அவமானம் எதுவும் இல்ல. சிவப்புக் கட்டத்துக்குக் கீழ "ஓகே" சீல் குத்தறதுதான் அவமானம்.

வண்டி வச்சிருக்கிற மக்களே, பிரிண்ட் அவுட்டை வாங்கி, எட்டுக் கட்டமும் பச்சையான்னு பார்த்துட்டுக் காசு கொடுங்க. பெரிய பள்ளத்துல விழுந்தா அடுத்த சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை மாத்திப் போடுங்க. முன்னும் பின்னும் வேற சைஸ்னா மாத்த முடியாது, அப்போ அளக்கறதை ரெட்டிப்பாக்குங்க. காத்தைக் காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி, கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்குப் பிடிங்க. நைட்ரஜன்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாத்தறப்போ நாலையும் சேர்த்து மாத்துங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து டயருக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதம் ஆயிடுச்சு (ரோடு இல்லைங்க, வரி!). அந்த மிச்சத்தையாவது அதுல போடுங்க.

நாலு டயருக்குக் காசு இல்லைன்னா அதுல தப்பே இல்ல. அப்போ ஆல் வீல் டிரைவ் வாங்காதீங்க. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல பனியும் இல்ல, பாலைவனமும் இல்ல.

டிஸ்கி: இது டயர் கம்பெனி ஸ்பான்சர் பண்ணின பதிவு இல்ல. பண்ணியிருந்தா சீக்கிரம் தேயட்டும்னு எழுதியிருப்பேன் :-) நாளைக்குக் காலையில ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பின் சக்கரத்தோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, எண்ணோட.